சாமிக்கு ஏணி வைத்துச் சவரம்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை, தக்காளிச் சந்தை, வண்டிக் கருப்பணசாமி கோயில் என்று மூன்று காரணங்களால் இந்தப் பேரூராட்சியின் பெயர் மாவட்டத்துக்கு வெளியேயும் தெரியும். லாரிக்காரர்கள் கருப்பணசாமிக்கு ஒரு கும்பிடாவது போட்டுவிட்டுத்தான் தாண்டுவார்கள். இந்தச் சாலையோரத்தில் உரக்கடை, செல்போன் கடை, பரோட்டாக் கடை எதில் நுழைந்தாலும் சுவரில் சிவகாசிக் காலண்டர் மகாலட்சுமியும், கல்லாப்பெட்டி மேல் தொப்பை தெரியச் சிரிக்கும் ஒரு மொட்டைத்தலைப் பொம்மையும் கண்ணில் படலாம். பொம்மை யார் என்று கேட்டால், யோசிக்காமல் பதில் வரும்: குபேரன்.

அவர் குபேரன் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவில் காலமான ஒரு பிச்சைக்காரத் துறவி. அப்படியானால் அசல் குபேரன் எங்கே போனார்? ஜப்பானுக்குப் போனார். அங்கே அவருக்கு உடம்பெல்லாம் போர்க்கவசம், கையில் ஆயுதம், முகத்தில் கடுகடுப்பு. இதில் வேடிக்கை, அசல் குபேரனும் அவர் பெயரை இங்கே வாங்கிக்கொண்ட இந்தச் சிரிப்புச் சாமியாரும் ஜப்பானில் ஒரே கப்பலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தகராபுனே என்ற அந்தப் புதையல் கப்பலில் மொத்தம் ஏழு பயணிகள். குபேரன் அங்கே பிஷாமோன். வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்பு வாத்தியத்தோடு இருக்கும் ஒரே பெண், பென்டென்; நம் சரஸ்வதி. மூட்டையும் சுத்தியலுமாக இளிக்கும் குண்டர் தைகொகு. அவர் மகாகாளன், அதாவது சிவனின் உக்கிர வடிவம். சீனாவிலிருந்து வந்தவர்கள் மூவர்: சிரிப்புத் துறவி ஹோதெய், சுரைக்காய் போல் நீண்ட தலைகொண்ட ஃபுகுரோகுஜு, மானோடு திரியும் கிழவர் ஜுரோஜின். மீன் தூக்கிய எபிசு ஒருவர்தான் ஜப்பானிலேயே பிறந்தவர்.

இந்த எழுவரையும் ஜப்பானியர்கள் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு கேலியும் செய்தார்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மரக்கட்டை அச்சுப் படங்களில் இவர்கள் குடிக்கிறார்கள், குஸ்தி போடுகிறார்கள், ஒருவருக்கொருவர் சவரம் செய்துவிடுகிறார்கள். சுடலையில் நிற்க வேண்டிய மகாகாளன் அந்த நிலைக்கு வந்து சேர்ந்தது எப்படி? கதை ஒரு சமையல்கட்டில் தொடங்குகிறது.

இத்சிங் என்ற சீனத் துறவி 671-இல் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். நாளந்தாவில் பல ஆண்டுகள் படித்தார். இங்குள்ள மடங்களில் கண்டதையெல்லாம் பொறுமையாக எழுதிவைத்தார். மடத்துச் சமையலறைத் தூண் பக்கமோ பண்டசாலை வாசலிலோ இரண்டு மூன்றடி உயர மரச்சிலை ஒன்று இருக்கும் என்கிறார். கையில் பொற்கிழி. சின்ன ஆசனத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும். தினமும் எண்ணெய் தடவித் தடவி முகம் கறுத்துப்போயிருக்கும். சாப்பாட்டு வேளையில் அதற்கும் படையல் உண்டு. பெயர் மகாகாளன். ஒருமுறை நூறு பேருக்குச் சமைக்கும் மடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்நூறு பேர் வந்து நின்றார்களாம். சமையல்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். வேலைக்காரரின் வயதான தாய் ஒருத்தி பதறாமல் இந்தக் கறுத்த சாமிக்குப் படைத்துக் கும்பிட்டாள். இருந்த சோறே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது என்று கேள்விப்பட்டதையும் எழுதியிருக்கிறார்.

எண்ணெய் ஏறிக் கறுத்த சிலை, வாசல் காவல், சோற்றுப் படையல். கருப்பணசாமிக்குப் பொங்கல் வைக்கும் ஊர்க்காரர்களுக்கு இத்சிங் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இருந்திருக்காது. பயமுறுத்தும் தெய்வத்தின் கையில் பணப்பை எப்படி வந்தது என்ற சந்தேகமும் திண்டுக்கல் பக்கத்தவருக்கு வராது. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் போதும். அந்தக் கூட்டம் சொர்ண ஆகர்ஷண பைரவருக்காக வருவது. நாயோடு சுடலையில் திரியும் பைரவர், பெருமாள் கோயிலுக்குள் இடம்பிடித்து, பொன்னை வரவழைக்கும் சாமியாகக் கடன்காரர்களின் மனுக்களை வாங்கிக்கொண்டிருக்கிறார். காவல் நிற்பவரிடம்தானே களஞ்சியத்தின் சாவியும் இருக்கும்.

இந்தத் தெய்வங்கள் கடல் தாண்டியதில் தென்னாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காஞ்சியில் இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் ஆண்ட காலத்தோடு தொடர்புடைய பௌத்த ஆசான் வஜ்ரபோதி. இலங்கை வழியாகக் கப்பலில் புறப்பட்டு 720 வாக்கில் சீனா சேர்ந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர். அவருடைய சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் படித்தவர் ஜப்பானியத் துறவி கூக்காய். 804-இல் ஜப்பான் அனுப்பிய ஒரே தூதுக்குழுவின் வெவ்வேறு கப்பல்களில் கூக்காயும் சைச்சோ என்ற இன்னொரு துறவியும் சீனாவுக்குப் போனார்கள். இருவரும் திரும்பும்போது மந்திர மார்க்கத்தின் பெரிய தெய்வக் கூட்டமே ஜப்பானில் வந்து இறங்கியது. மகாகாளனைக் கொண்டுவந்து ஹியெய் மலை மடத்தின் சமையலறைக் காவலுக்கு வைத்தவர் சைச்சோ என்பது ஜப்பானிய மரபு. சமையலறையில் புறப்பட்டவர் சமையலறையிலேயே போய்ச் சேர்ந்தார். சரஸ்வதியும் குபேரனும் இதற்கு முன்பே, பொன்னொளிச் சூத்திரம் என்ற பௌத்த நூலோடு ஜப்பான் போயிருந்தார்கள்.

குபேரன் போன வழி வேறு. அவர் நடுவாசியப் பாலைவனத்தைக் கடந்து போனார். இந்தியச் சிலைகளில் அவர் கையில் ரத்தினம் கக்கும் கீரி ஒன்று இருக்கும். கோத்தான் நாட்டில் அவர் எல்லைக் காவலர் ஆனபோது கவசம் ஏறியது. அங்கே படையெடுத்து வந்தவர்களின் குதிரைச் சேணத்தையும் வில் நாணையும் எலிகள் ஒரே இரவில் கடித்துப்போட்டு நாட்டைக் காப்பாற்றின என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். பிற்காலச் சீனக் கதைகளில் அந்த எலிகள் பொன் எலிகளாகி, குபேரனின் படையில் சேர்ந்துவிட்டன. ஜப்பானுக்கு வந்த பிறகு எலி கட்சி மாறித் தைகொகுவின் காலடிக்குப் போய்விட்டது.

தைகொகுவுக்கு அங்கே ஒரு விபத்து நேர்ந்தது. ஒகுனினுஷி என்ற உள்ளூர்த் தெய்வத்தின் பெயரையும் இவர் பெயரையும் சீன எழுத்தில் எழுதி வாசித்தால் ஒரே ஒலி வந்தது. போதாதா? இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். ஒகுனினுஷியைத் தீயிலிருந்து காப்பாற்றியது ஒரு எலி என்பது பழங்கதை. அந்த எலியும் அவருடைய சாக்கு மூட்டையும் இவருக்கு வந்தன. மூன்று முகம், பல கை, கோரைப்பல் எல்லாம் மெல்ல மறைந்தன. இரண்டு நெல் மூட்டை மேல் ஏறி நின்று, தட்டினால் பொன் கொட்டும் சுத்தியலோடு இளிக்கும் குள்ளக் குண்டர் எஞ்சினார்.

இனி நம் கல்லாப்பெட்டிக்காரர். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஃபெங்ஹுவா என்ற ஊர். அங்கே தோளில் துணிமூட்டையோடு அலைந்த ஒரு துறவி, கிடைத்ததைத் தின்று, தின்றதில் மிச்சத்தை மூட்டையில் போட்டுக்கொண்டு, பனியில் படுத்தாலும் நனையாமல் எழுந்தார் என்று கதைகள் உண்டு. மீனும் இறைச்சியும் அவருக்கு விலக்கில்லை. 917 வாக்கில் இறந்தார். சாகும்போது தான் வரப்போகும் புத்தரான மைத்ரேயர் என்று குறிப்புணர்த்திவிட்டுப் போனதாக நம்பிக்கை. பிறகு சீனாவில் மைத்ரேயரின் உருவமே மெலிந்த இந்திய இளவரசனிலிருந்து இந்தத் தொப்பைக்கு மாறிவிட்டது. ஹாங்சோ நகரப் பாறைகளில் இவரைப் பெரிதாகச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். அந்தக் குன்றின் பெயர் ‘பறந்து வந்த மலை’. இந்தியாவிலிருந்து பறந்து வந்த மலை போலும் என்று நான்காம் நூற்றாண்டில் ஒரு இந்தியத் துறவி வியந்தாராம். ஜென் துறவிகள் இவருடைய மைத்தீட்டுப் படங்களை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் ஹோதெய்.

எபிசு பற்றியும் ஒரு வார்த்தை. கையும் காலும் சரியாக இல்லாத தெய்வக் குழந்தையாகப் பிறந்து, கடலில் விடப்பட்டு, கரை ஒதுங்கி மீனவர் சாமியானவர் என்பது ஒரு கதை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஒசாகாவின் இமாமியா கோயிலில் ஜனவரித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் முன்னால் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ச் சுவரைத் தட்டி, வேண்டுதலை இன்னொருமுறை ஞாபகப்படுத்துவார்கள்.

இந்த எழுவரும் ஒரே கூட்டணியானது பதினைந்தாம் நூற்றாண்டுவாக்கில், கியோத்தோ பக்கத்து வியாபாரிகள் செழித்த காலத்தில். மூங்கில் தோப்பில் குடித்துப் பாடிக்கொண்டிருந்த ஏழு சீன அறிஞர்களின் படங்கள் அப்போது பிரபலம். அதைப் பார்த்துத்தான் இவர்களையும் ஏழாக்கினார்கள் என்பர். அது உண்மையானால் இந்தக் கூட்டணி பிறந்தபோதே பாதி நகல்.

கேலி பிறந்த இடம் நெடுஞ்சாலை. எடோ நகரத்தையும் கியோத்தோவையும் இணைத்த தோக்காய்தோ சாலையில் 53 தங்கல் ஊர்கள். கியோத்தோ பக்கத்துக் கடைசி ஊர் ஓட்சு. ஹிரோஷிகே என்ற ஓவியர் 1830-களில் இந்த ஊரை வரைந்தபோது, மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக ஒரு தேநீர்க் கடையைத் தாண்டிப் போவதைத்தான் வரைந்தார். வண்டியும் டீக்கடையும் சாமிப்படமும் சேர்ந்தே இருப்பது எல்லா நெடுஞ்சாலைக்கும் பொது போலிருக்கிறது. ஓட்சுவில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே வழிப்போக்கர்களுக்குச் சாமிப்படம் வரைந்து விற்றார்கள். முதலில் பயபக்தியான புத்தர் படங்கள். மலிவு, வேகம் இரண்டும் வேண்டும் என்பதால் கோடுகள் குறைந்தன. கோடு குறையக் குறையப் படம் தானாகவே சிரிப்பூட்ட ஆரம்பித்தது. சிரிப்பூட்டிய படம் கூடுதலாக விற்றது. பிறகென்ன, வரைபவர்கள் வேண்டுமென்றே சிரிக்கவைத்தார்கள். பிச்சையெடுக்கும் அரக்கன் துறவி வேடத்தில் மணியடித்து நாமம் சொல்வது ஒரு படம். இன்னொன்றில், ஃபுகுரோகுஜுவின் தலைக்கு ஏணி சாத்தி, தைகொகு மேலே ஏறிச் சவரக்கத்தியால் மழித்துக்கொண்டிருக்கிறார். தலை அவ்வளவு உயரம். ஏணியின் மேல்படியில் நாவிதராக நிற்பவர் யாரென்று நினைத்துப் பாருங்கள்: திரிபுரம் எரித்தவரின் உக்கிர அம்சம்.

ஓட்சுவில் கையால் தீட்டியதை எடோவில் கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள். ஓவியர் வரைவார், செதுக்குபவர் செர்ரி மரப் பலகையில் வெட்டுவார், அச்சடிப்பவர் நிறம் பூசித் தாளை ஒற்றுவார், பதிப்பாளர் பணம் போடுவார். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு ஒரு படம் கிடைத்தது. புத்தாண்டுக்குத் தெருவில் புதையல் கப்பல் படத்தைக் கூவி விற்பார்கள். புத்தாண்டின் இரண்டாம் நாள் இரவு அதைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தால் ஆண்டின் முதல் கனவு நல்லதாக வரும். ஃபுஜி மலை, பருந்து, கத்தரிக்காய் மூன்றும் கனவில் வந்தால் அதிர்ஷ்டம். கத்தரிக்காய்க்கு அங்கே இருக்கும் மரியாதை நம் ஊர்ச் சந்தையில் அதற்குத் தெரியாது. கெட்ட கனவு வந்தால் மறுநாள் படத்தை ஆற்றில் விட்டுவிட வேண்டியதுதான்.

பல வண்ண அச்சு பிறந்ததே ஒரு காலண்டர் மோகத்தால். ஜப்பானியப் பழைய பஞ்சாங்கத்தில் எந்த மாதம் 30 நாள், எந்த மாதம் 29 நாள் என்பது வருஷா வருஷம் மாறும். காலண்டர் வெளியிடும் உரிமை அரசு அனுமதி பெற்ற சிலருக்கு மட்டும். வசதியான ரசிகர்கள் அதைச் சுற்றிவந்த விதம் அழகு: படத்தில் இருக்கும் பெண்ணின் உடைப் பூவேலையிலோ குடையின் மடிப்பிலோ மாத எண்களை ஒளித்துவைத்து அச்சிட்டு, நண்பர்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். 1765-இல் இந்தப் போட்டி உச்சத்துக்குப் போனது. யார் படம் உசத்தி என்ற போட்டியில் ஹருநொபு என்ற ஓவியரும் அவரோடு சேர்ந்த கைவினைஞர்களும் ஒரே படத்துக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை வைத்து அச்சிட்டார்கள். பதிப்பாளர்களுக்கு மூக்கு வியர்த்தது. அதே பலகைகளை வாங்கி, மாத எண்களையும் பணம் போட்டவர் பெயரையும் செதுக்கி எடுத்துவிட்டு, படத்தைக் கடையில் விற்றார்கள். சாமிகளும் இந்த வண்ணங்களில் புதுவேடம் போட்டார்கள். புதையல் கப்பலில் எழுவருக்குப் பதில் ஏழு பேரழகிகளை உட்காரவைத்த படங்கள் வந்தன. எபிசுவும் தைகொகுவும் சுமோ மல்யுத்தம் செய்தார்கள்.

1842-இல் அரசு ஒரு கடிவாளம் போட்டது. சிக்கன சீர்திருத்தம் என்ற பெயரில் நாடக நடிகர், கணிகையர் படங்களை அச்சிடத் தடை. சந்தையில் பெரும்பங்கு அந்தப் படங்களுக்குத்தான். ஓவியர் உதகவா குனியோஷி (1798–1861) அசரவில்லை. பூனைகளுக்கு நடிகர்களின் முகச்சாயலைக் கொடுத்தார், பொன்மீன்களுக்கு மனிதத் தொழில் கொடுத்தார். ஃபுகுரோகுஜுவின் நீண்ட தலையை வைத்தே ஒரு வரிசை வேடிக்கைப் படங்கள் போட்டார். அந்தத் தலையால் என்னென்ன விளையாட்டுக் காட்டலாம் என்பதுதான் விஷயம். சாமியைத் தடைசெய்ய முடியாதே. தணிக்கையின் தயவால் தெய்வங்களுக்கு நடிகர்களின் வேலை கிடைத்தது.

11 நவம்பர் 1855 இரவு எடோவைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பூமிக்கடியில் இருக்கும் ராட்சதக் கெளுத்தி மீன் துள்ளுவதால் நிலம் நடுங்குகிறது, காஷிமா தெய்வம் ஒரு பாறையால் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது என்பது நம்பிக்கை. நிலநடுக்கம் வந்தது பழைய கணக்கில் பத்தாம் மாதம். அந்த மாதத்தில் எல்லாத் தெய்வங்களும் இசுமோவில் கூட்டத்துக்குப் போய்விடும். காது கேட்காத எபிசு மட்டும் அழைப்பு கேட்காமல் ஊரில் இருந்துவிடுவார். ஆக, பொறுப்பில் இருந்தவர் எபிசு, அவர் தூங்கிவிட்டார்! சில நாட்களுக்குள் இந்தக் குற்றச்சாட்டோடு படங்கள் தெருவுக்கு வந்துவிட்டன. தணிக்கை முத்திரை கிடையாது, பதிப்பாளர் பெயரும் கிடையாது. பணக்காரர்கள் நாணயங்களை வாந்தியெடுக்க, தச்சரும் கொத்தனாரும் அள்ளிக்கொள்வது போன்ற படங்களும் வந்தன. இடிந்த ஊரைக் கட்டும் வேலையில் அவர்களுக்குக் கூலி ஏறியிருந்தது. இரண்டு மாதத்தில் அரசு விழித்துக்கொண்டு தடுத்தது. ஆயிரக்கணக்கானோர் செத்த ஊரில், பிணவாடை அடங்குவதற்குள் சாமியைக் கிண்டலடித்துப் படம் போட்டார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோபத்தைச் சாமி மேல் காட்ட முடிகிற ஊரில் சாமி வீட்டு ஆள் என்று அர்த்தம்.

குனியோஷியிடம் சிறுவயதில் கொஞ்சகாலம் படித்த கியோசாய் (1831–1889) பிற்பாடு ஏழு சாமிகளையும் அரக்கர்களையும் எலும்புக்கூடுகளையும் விட்டுவிளாசினார். 1870-இல் ஒரு விருந்தில் போதையில் அதிகாரிகளை நையாண்டி செய்து வரைந்ததற்காகச் சிறைக்குப் போனார். சாமியைக் கேலி செய்தவரைச் சாமி ஒன்றும் செய்யவில்லை. அதிகாரிகளுக்குத்தான் தாங்கவில்லை.

நமக்கு மட்டும் சாமியோடு விளையாடத் தெரியாதா? காளமேகப் புலவர் நிந்தாஸ்துதியில் சிவனையும் பெருமாளையும் பிடித்த பிடி ஊரறிந்தது. கூத்தில் கட்டியங்காரன் சாமியையும் விடுவதில்லை. ஆனால் நம் கேலியெல்லாம் வாயோடு நின்றது, தாளுக்கு வரவில்லை. தாளில் வந்த சாமி பூசைக்கு வந்த சாமி.

அந்தத் தாள் நமக்கு வந்த வழியிலும் ஜப்பான் குறுக்கிடுகிறது. 1875-இல் ஷிமிசு மகொத்தோ தொடங்கிவைத்த ஜப்பானியத் தீப்பெட்டித் தொழில் கோபே, ஒசாகா பக்கம் பெருகி, சீனாவுக்கும் இந்தியாவுக்கும் ஏற்றுமதியானது. பெட்டி மேல் ஒட்டும் சின்னஞ்சிறு லேபிள்களில் பழைய மரக்கட்டை அச்சின் கைவண்ணம் தெரிந்தது. வாங்குகிறவர் நாட்டுக்கு ஏற்றபடி படம்: இந்தியாவுக்கு யானையும் நம் சாமிகளும். ஒருவன் லேபிள் நன்றாக விற்றால் இன்னொருவன் ஒரு கோடு மாற்றி அதையே அச்சடிப்பான். முதல் உலகப்போரில் சுவீடன் சரக்கு வரத்து தடைபட, ஜப்பான் தீப்பெட்டி இந்தியச் சந்தையைப் பிடித்தது. 1910 வாக்கில் கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் அங்கேயே சிறு கருவிகளால் தீப்பெட்டி செய்ய, உள்ளூர்க்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியது. அதே ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தொழில் கற்றுத் திரும்பி 1923-இல் ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், வாங்கிய லித்தோ எந்திரம் சும்மா நிற்கக் கூடாது. காலண்டர் பிறந்தது.

அதற்குப் படம் கொடுத்தவர் கோவில்பட்டியில் குடியேறிய சி. கொண்டையராஜு (1898–1976). நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவருக்கு முன்னால் 1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமி, சரஸ்வதியை வீடு வீடாக அனுப்பியிருந்தார். கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் அந்தச் சாமிகளுக்குத் தமிழ்நாட்டு முகமும் நாடக மேடை வெளிச்சமும் கொடுத்தார்கள். இந்தச் சாமிகள் புன்னகைப்பார்கள். வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள். எடோவின் படம் ஒரு சீசனுக்கு, நமது படம் சட்டம் போட்டுப் பூசையறையில் மாட்டுவதற்கு. டிசம்பர் முடிந்தாலும் காலண்டர் முருகனைக் குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறவர்கள் நாம். ஏணி போட்டு அவருக்குச் சவரம் செய்ய யார் துணிவார்? கீழே தினசரித் தாளில் ராகு காலமும் எமகண்டமும் வேறு.

சிரிக்கும் சாமிக்கு அப்படி ஒரு காலியிடம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஃபெங் சுய் மோகம் வந்து அதை நிரப்பியது. சீனாவில் சில்லறைச் சாமான்களின் உலகச் சந்தை யிவூ. இந்திய வியாபாரிகள் அங்கே வந்து போவது சாதாரணம். அந்த ஊர் இருப்பது செஜியாங் மாகாணத்தில், நம் துறவி மூட்டையோடு அலைந்த அதே மாகாணத்தில்! ஆயிரம் ஆண்டு கழித்து மூட்டைக்காரரே அட்டைப்பெட்டியில் அடைந்து புறப்பட்டார். இந்தியாவின் பல பகுதிகளில் அவர் ‘சிரிக்கும் புத்தர்’. தமிழ்நாட்டில் தொப்பையையும் மூட்டையையும் பார்த்ததும் குபேரன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒலி ஒத்துப்போனதால் மகாகாளன் ஒகுனினுஷி ஆனார். தொப்பை ஒத்துப்போனதால் ஹோதெய் குபேரன் ஆனார்.

வந்தவர் இங்கே சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்துக்கொள்கிறார், சாம்பிராணி வாங்கிக்கொள்கிறார். கறி மீன் தின்ற துறவிக்கு ஆயுத பூசையன்று பொரிகடலை. குபேரக் கோலத்துக்குப் பக்கத்திலும் அவரை வைக்கிறார்கள். ஒன்பது கட்டங்களில் 20 முதல் 28 வரை எண்கள். எப்படிக் கூட்டினாலும் 72 வரும். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 19-ஐக் கழித்தால் எஞ்சுவது 1 முதல் 9 வரை எண்கள் நின்று 15 தரும் கட்டம். ஃபெங் சுய்க்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சீனத்து லோ ஷூ கட்டமும் அதுவே. பொம்மையும் கோலமும் சந்தித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இந்தப் பொம்மையை நாமே காசு கொடுத்து வாங்கக் கூடாது, யாராவது பரிசளிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. யார் கிளப்பிவிட்டதோ, வியாபாரம் தெரிந்தவர். கடை திறப்புவிழாவுக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு குபேரனோடு போகிறார்கள். கிடைத்த பொம்மையை எப்படி வைப்பது என்பதற்கும் முறை இருக்கிறது: ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி, மேலே சில்லறைக் காசு போட்டு, அதன் நடுவில் நிறுத்த வேண்டும். அரிசி மேல் நிற்கிற, பொன்னுக்குப் பொறுப்பான, இளிக்கிற குண்டர் என்றால் ஜப்பானில் சின்னக் குழந்தைகூட அது தைகொகு என்று சொல்லிவிடும். ஆக, ஹோதெயின் உடம்பு, குபேரனின் பெயர், மகாகாளனின் நிற்கும் இடம் மூன்றும் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டன. அது பச்சரிசியா புழுங்கலரிசியா என்பதில்தான் வீட்டுக்கு வீடு இன்னும் தகராறு.